முதல் நாவல்: எழுதும் வரிசை, வகுப்பில் காட்டும் வரிசை

நாவல் வகுப்பில் சேருகிறவர்கள் பெரும்பாலும் கையில் முதல் அத்தியாயத்தோடுதான் வருகிறார்கள். அதை வாசிக்கிறார்கள், எட்டுப் பேர் எட்டு விதமாகச் சொல்கிறார்கள், வீட்டுக்குப் போய்த் திருத்துகிறார்கள், அடுத்த முறையும் அதே அத்தியாயத்தோடு வருகிறார்கள். எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஒருவர் முதல் அத்தியாயத்தை ஒன்பது முறை எழுதினார். ஒன்பதாவது நிஜமாகவே நன்றாக இருந்தது. இரண்டாவது அத்தியாயம் கடைசிவரை வரவில்லை.

நானும் இப்படி ஒரு நாவலைத் தொலைத்தவன்தான். அடுத்ததை முடிக்க முடிந்ததற்கு, எதை எப்போது எழுதுவது, எப்போது அடுத்தவரிடம் காட்டுவது, காட்டும்போது எதைக் கேட்பது என்ற வரிசையை மாற்றிக்கொண்டதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த வரிசை கீழே.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய டிடிபி பழக்கத்தில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை வாட்ஸ்அப்பில் போட்டால் படிக்கிறவருக்கு ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். மாற்றித் தரும் மென்பொருள் உண்டு. ஆனால் 200 பக்கத்தை மாற்றினால் அங்கங்கே கொம்பும் காலும் இடம் மாறும், சரிபார்ப்பது தனி வேலையாகிவிடும். தமிழ்99 விசைப்பலகையா, ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவதா என்பது உங்கள் விரல் பழக்கம். தட்டச்சே வராது என்றால் நோட்டில் எழுதிவிட்டுப் போனில் வாய்ஸ் டைப்பிங்கில் வாசித்து ஏற்றலாம், நிறுத்தற்குறிகளை மட்டும் அப்புறம் கையால் போட வேண்டியிருக்கும்.

முழு வரைவுக்கும் ஒரே கோப்பு, பெயரில் தேதி. 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'ஃபைனல் கடைசி' என்று மூன்று கோப்பு வைத்திருந்து தவறானதை வகுப்புக்கு அனுப்பியவன் சொல்கிறேன்.

கூடவே ஒரு நீளக் குயர் நோட்டு. அதில் நாவலை எழுத வேண்டாம், நாவலைப் பற்றி எழுத வேண்டும். இதன் பயன் 4-ஆம் படியில் வரும்.

2. ஒரு பக்கக் கதை, ஒரு வருட அட்டவணை

யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, கடைசியில் அவர் எங்கே போய் நிற்கிறார். இதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை, எழுதும்போது மாறினாலும் தப்பில்லை. ஆனால் கடைசிக் காட்சி எதுவாக இருக்கலாம் என்று ஒரு ஊகமாவது வேண்டும், இல்லாவிட்டால் நடுவழியில் எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாமல் நிற்பீர்கள்.

அட்டவணையை யாரும் போடுவதில்லை, எல்லோரும் பின்னால் அவஸ்தைப்படுகிறார்கள். ஒவ்வொரு பாத்திரமும் பிறந்த வருடம், கதை நடக்கும் வருடங்கள், அப்போது அவர்களுடைய வயது, யாருக்கு யார் என்ன முறை. முறையை எழுதி வைக்காவிட்டால் பன்னிரண்டாவது அத்தியாயத்தில் சித்தப்பா அப்பாவை விட மூத்தவராகிவிடுவார். இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை, இரண்டு பிரதிகளில் பார்த்திருக்கிறேன்.

மாதமும் முக்கியம். நண்பர் ஒருவர் சிவகாசிக் காலண்டர் அச்சகத்தை வைத்து எழுதினார். உறவினர் வீடு அங்கே, இவர் வளர்ந்தது மதுரையில். அப்பா தை மாதத்தில் இறக்கிறார், மகன் மறுவாரமே காலண்டர் ஆல்பம் (ஆர்டர் பிடிக்கக் காட்டும் மாதிரிகளின் தொகுப்பு) தயாரிக்கும் அவசரத்தில் மாட்டிக்கொள்கிறான் என்று அட்டவணையில் போட்டிருந்தார். சாத்தூர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆல்பம் ஆடிப் பதினெட்டுக்குத்தானே வெளியிடுவாங்க. அதுக்கப்புறம்தான் ஆர்டரும் அச்சும். தையில காலண்டர் வேலையே முடிஞ்சிருக்கும்" என்றார். நண்பர் சாவை ஆனிக்கு நகர்த்தினார். ஆல்பத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்ற நெருக்கடி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நூறு பக்கம் எழுதிய பிறகு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் எழுத ஆரம்பிக்கும் முன் வகுப்புக்குக் காட்ட வேண்டியவை இந்த ஒரு பக்கமும் அட்டவணையும் மட்டும்தான்.

3. முதல் வரிக்கு முன் மூன்று முடிவுகள்

யார் சொல்கிறார்கள்? 'நான்' என்று பாத்திரமே சொல்வதா, வெளியிலிருந்து ஒருவர் சொல்வதா? வெளியிலிருந்து என்றால் ஒரு காட்சியில் ஒருவர் மனதுக்குள் மட்டும்தான் போவாரா? ஒரே பத்தியில் மகன் நினைப்பதும் அம்மா நினைப்பதும் மாறி மாறி வந்தால் படிக்கிறவர் யாரோடு நிற்பது என்று தடுமாறுவார்.

அவனா, அவரா? தமிழில் இது பெரிய விஷயம், ஆனால் ஆங்கிலத்திலிருந்து வரும் எழுத்துப் பாடங்களில் இருக்காது. முப்பது வருடக் கதையில் பத்து வயதுப் பையன் 'அவன்', அவனுக்கே நாற்பது வயதானால்? கதைசொல்லி அம்மாவை 'அவள்' என்பாரா 'அம்மா' என்றே சொல்வாரா? வேலைக்காரரை 'அவன்', முதலாளியை 'அவர்' என்று யோசிக்காமல் எழுதிவிட்டால் நீங்கள் யார் பக்கம் என்பது அந்த விகுதியிலேயே தெரிந்துவிடும். தெரிந்து செய்தால் சரி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நேராக நோட்டில் குறித்து வையுங்கள், நடுவில் மாறினால் எல்லா வினைமுற்றையும் கையால் திருத்த வேண்டும், 'மாற்று' பொத்தான் உதவாது.

மூன்றாவது, பேச்சு வழக்கு. உரையாடல் எந்த ஊர்ப் பேச்சு, அதை எவ்வளவு அழுத்தமாக எழுதுவது? ஒருவர் 'வந்துக்கிட்டு' என்றும் அவருடைய தம்பியே 'வந்துண்டு' என்றும் பேசினால் குடும்பமே மாறிவிடும். எல்லா ஒலியையும் பிடிக்கப் பார்த்தாலும் படிக்க முடியாது. பத்து வரி உரையாடலை எழுதி, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எங்கே சிரிக்கிறார் என்று கவனித்தால் போதும்.

4. வரைவு எழுதுவது

முதலில் கணக்கு. டெம்மி அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 சொல் என்று வைத்தால் 45,000 சொல் 225 பக்கம் வரும். நாளுக்கு 300 சொல் எழுதினால் 150 நாள், அதாவது ஐந்து மாதம். 1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய, நவம்பரில் 30 நாளில் 50,000 சொல் எழுதும் சவாலைப் பார்த்துவிட்டு நாளுக்கு 1,667 சொல் எழுதக் கிளம்புகிறவர்கள் உண்டு. அது ஆங்கிலக் கணக்கு. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரு சொல், அவர்களுக்கு ஐந்தாறு. அந்த எண்ணைத் தமிழில் அப்படியே எடுத்துக்கொண்டால் பத்தாவது நாள் படுத்துவிடுவீர்கள்.

நேற்று எழுதியதைத் திருத்தாதீர்கள். கடைசி அரைப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேலே போங்கள். முழு நாவலும் தெரியாதபோது முதல் அத்தியாயத்துக்கு எது தேவை என்று உங்களுக்கே தெரியாது, பின்னால் வெட்டப்போகும் பக்கத்துக்கு இப்போது பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பீர்கள். 'அத்தைக்கு இன்னொரு மகள் வேண்டும்' என்று ஏழாவது அத்தியாயத்தில் தோன்றினால் பின்னால் போய்ச் சேர்க்காமல் குயர் நோட்டில் குறித்துவிட்டு, அந்த மகள் ஏற்கெனவே இருப்பதாகவே எழுதிக்கொண்டு போங்கள்.

தெரியாத தகவலுக்கு சதுர அடைப்பு: [அப்போது பஸ் டிக்கெட் எவ்வளவு?]. ஒரு டிக்கெட் விலையைத் தேடி இணையத்துக்குள் போனவர் அன்றைக்குத் திரும்பி வரமாட்டார். அடைப்புக்குறியை மொத்தமாகத் தேடி அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம்.

காட்சி முடிந்த இடத்தில் எழுந்திருக்காதீர்கள், பாதியில் எழுந்திருங்கள். அடுத்த வரி தெரிந்திருக்கும்போது நிறுத்தினால் மறுநாள் உட்கார்ந்தவுடன் கை ஓடும்.

5. வகுப்புக்கு எப்போது காட்டுவது

எட்டுப் பேர் இருக்கும் வகுப்பில் வாரம் இரண்டு பேர் முறை. உங்கள் முறை நாலு வாரத்துக்கு ஒன்று. ஒரு முறைக்கு 2,000 சொல் என்றால் 45,000 சொல்லைக் காட்டி முடிக்க 23 முறை, அதாவது 92 வாரம். கிட்டத்தட்ட இரண்டு வருடம். அதற்குள் முதலில் படித்தது யாருக்கும் நினைவிருக்காது, பாதிப் பேர் வேலை மாறி ஊர் மாறியிருப்பார்கள். ஆகவே முழு நாவலையும் துண்டு துண்டாக வகுப்பில் வாசித்து முடிப்பது என்பது நடக்காத காரியம். இதை முதல் நாளே பலகையில் கணக்குப் போட்டுக் காட்டிவிடுவது நல்லது.

எங்களுக்கு ஒத்துவந்தது இது. முதல் 15,000 சொல் வரை யாருக்கும் எதுவும் கிடையாது, வாராவாரம் எத்தனை சொல் எழுதினேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். அப்புறம் நடுவிலிருந்து ஒரு காட்சி. முதல் அத்தியாயம் வேண்டாம், அது எப்படியும் மாறும். வரைவு முடிந்த பிறகு நாலு நாலு பேராகப் பிரிந்து, மாதம் ஒருவருடைய முழுப் பிரதி, மற்ற மூவரும் படிப்பார்கள். நாலு மாதத்தில் நாலு நாவல் முடியும்.

6. பிரதியை அனுப்பும் விதம்

சந்திப்புக்கு மூன்று நாள் முன்னால் அனுப்புங்கள். அன்று காலையில் அனுப்பினால் பஸ்ஸில் படித்துவிட்டு வருவார்கள், கருத்தும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். பக்க எண் கட்டாயம். வேர்டில் வரி எண் போடும் வசதி இருக்கிறது, அதையும் போட்டுவிட்டால் 'அந்த டீக்கடை வர்ற இடம் இருக்குல்ல' என்று ஐந்து நிமிடம் தேட வேண்டியிருக்காது. இதுவரை நடந்தது நாலு வரியில். அந்த நாலு வரியில் விளக்கம் சொல்லிப் பிரதியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

கடைசியில் இரண்டு மூன்று கேள்வி. 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும், உலகத்தில் வேறு பதில் கிடையாது. 'எந்த இடத்தில் போனை எடுத்தீர்கள்?', 'அண்ணன் மேல் சந்தேகம் முதலில் எப்போது வந்தது?', 'அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்?' என்று கேளுங்கள். படித்தவர் தனக்கு நடந்ததைச் சொன்னால் போதும், தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் கூச்சப்படுகிறவர்களும் பேசுவார்கள்.

7. அடுத்தவர் பிரதியைப் படிக்கும்போது

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சிவப்புப் பேனாவை எடுத்து ஒற்றுப்பிழை திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். 'இங்கே க் மிகும், அங்கே ப் மிகாது' என்று நாற்பது குறி. பள்ளிக்கூடத்தில் நமக்குத் தமிழில் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான் என்பதால் கை தானாக அங்கே போகிறது. ஆனால் அந்தப் பத்தியே நாளைக்கு இல்லாமல் போகலாம். எழுதியவரும் நாற்பது குறியைப் பார்த்துவிட்டுக் கதையே தப்பு என்று சோர்ந்துவிடுவார். முதல் வரைவில் ஒற்றைத் தொடாதீர்கள், கை அரித்தால் கூட.

இரண்டு முறை படியுங்கள். முதல் முறை பேனா இல்லாமல், வாசகராக. இரண்டாவது முறை ஓரத்தில் மூன்று குறி மட்டும்: இழுத்துக்கொண்ட இடத்தில் ஒரு கோடு, கவனம் நழுவிய இடத்தில் ஒரு வட்டம், புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி.

அச்சக நாவலிலிருந்தே ஒரு இடம். அப்பா இறந்து பதினாறாம் நாள் முடிந்து மகன் அச்சகத்தைத் திறக்கிறான்.

'மிகுந்த மனவேதனையுடன் அவன் அச்சகத்துக்குள் நுழைந்தான். அப்பா இல்லாத அச்சகம் உயிரற்ற உடலைப் போல வெறிச்சோடிக் கிடந்தது.'

ஒருவர் 'அருமையான உவமை' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'மிகுந்த என்பதை எடுத்துவிடலாம்' என்று எழுதி, உவமையையும் தன் பாணியில் மாற்றி எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டாலும் எழுதியவருக்கு ஒரு பயனும் இல்லை. மூன்றாவது ஆள், கல்லூரி படிக்கும் பெண், அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, 'வேதனை என்று தெரிந்தது. உள்ளே போனதும் அவன் கை எதைத் தொட்டது என்று தெரியவில்லை, அதனால் அச்சகம் எனக்குக் கண்ணில் வரவில்லை' என்று எழுதியிருந்தார். நண்பர் அடுத்த வரைவில் எழுதியது இது:

'மிஷின் துடைக்கும் துணி அப்பா போட்ட இடத்திலேயே காய்ந்து விறைத்துக் கிடந்தது. மண்ணெண்ணெயில் நனைத்துப் பிழிந்தான். மஞ்சள் இறங்கியது. கடைசியாக ஓட்டிய வேலை எது என்று தேட வேண்டியிருக்கவில்லை.'

அந்தப் பெண் துணியைப் பற்றியோ மண்ணெண்ணெயைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அச்சகமே தெரியாது. தனக்கு எங்கே படம் வரவில்லை என்று மட்டும் சொன்னார், மீதி எழுதியவரிடமே இருந்தது.

8. உட்கார்ந்து பேசும்போது

ஒரு பிரதிக்கு அரை மணி நேரம், போனில் அலாரம் வைத்து. வயதில் சின்னவர் முதலில் பேசட்டும், மூத்தவர் கடைசியில். நம் ஊரில் ஓய்வுபெற்ற சார் ஒருவர் முதலில் 'இது நாவலே இல்லைப்பா' என்று சொல்லிவிட்டால் அப்புறம் ஆறு பேரும் தலையைத்தான் ஆட்டுவார்கள். அந்த சாரின் பிரதிக்கும் 'நல்லா இருக்கு சார்' தவிர வேறு வராது. அது அவருக்கும் நஷ்டம்.

பேசுவது பாத்திரத்தைப் பற்றி இருக்கட்டும். முதல் நாவல் பெரும்பாலும் சொந்த வீட்டுக் கதை. 'உங்க அம்மா ஏன் இவ்வளவு சுயநலமா இருக்காங்க?' என்று ஒருவர் கேட்டு, எழுதியவர் கண்கலங்கி எழுந்து போனது எங்கள் வகுப்பில் நடந்தது. அதிலிருந்து 'உங்க அம்மா' கிடையாது, 'அந்த அம்மா' அல்லது பாத்திரத்தின் பெயர். 'இது நிஜமா நடந்ததா?' என்ற கேள்வியும் கிடையாது. எழுதியவர் பக்கம் ஒரு விதி: 'நிஜத்தில் அப்படித்தான் நடந்தது' என்று பதில் சொல்லக் கூடாது, ஏனென்றால் படிக்கிறவர் முன்னால் இருப்பது பக்கம் மட்டும்தான்.

எழுதியவர் முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக எழுத்துப் பட்டறையின் பாணியில் நடக்கும் பட்டறைகளின் பழக்கம். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த முறையில் வேறு மாதிரி: பார்த்தவர்கள் தங்களுக்குப் பதிந்ததைச் சொல்வார்கள், அப்புறம் படைத்தவர் கேள்வி கேட்பார், அப்புறம் பார்த்தவர்கள் அபிப்பிராயம் கலக்காத கேள்வி கேட்பார்கள், கடைசியில் படைத்தவர் அனுமதித்தால் மட்டும் அபிப்பிராயம். நாங்கள் முதல் பத்து நிமிடம் அயோவா, மீதி லெர்மன். அபிப்பிராயம் கலக்காத கேள்வி கேட்பதுதான் கஷ்டம். 'சாவு வீடு எதுக்கு இவ்வளவு நீளம்?' என்பது கேள்வி வேஷம் போட்ட அபிப்பிராயம். 'சாவு வீட்டை இரண்டு அத்தியாயமாக வைத்ததில் எதை நினைத்தீர்கள்?' என்று கேட்டால் எழுதியவர் வாய் திறந்து பதில் சொல்லும்போதே தப்பு எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

எழுதியவர் குறிப்பெடுக்க வேண்டும், அபிப்பிராயங்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம். ரெக்கார்ட் செய்வதானால் எல்லோரிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

9. கேட்டதை வைத்து என்ன செய்வது

ஒரு வாரம் ஒன்றும் செய்யாதீர்கள். வீட்டுக்குப் போன இரவே கோப்பைத் திறக்கிறவர்கள் கடைசியாகப் பேசியவர் சொன்னதைத்தான் செய்கிறார்கள்.

அப்புறம் நோட்டில் பிரியுங்கள். இரண்டு மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்தில் வட்டம் போட்டிருந்தால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் மருந்து ஆளுக்கொன்றாக இருக்கும், அதை எடுக்க வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் சொன்னது, ஆனால் கேட்டவுடன் உங்களுக்குச் சுருக்கென்றது என்றால் அதையும் எழுதுங்கள். மற்றது அவரவர் ரசனை. வரைவு இன்னும் முடியவில்லை என்றால் எல்லாம் நோட்டோடு இருக்கட்டும், கோப்பில் கை வைக்காமல் மேலே எழுதுங்கள்.

10. இரண்டாம் வரைவு

வரைவு முடிந்ததும் குறைந்தது மூன்று வாரம் மூடி வையுங்கள். பிறகு பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு, திரையில் இல்லாமல் தாளில் படியுங்கள். திரையில் கண் தாண்டிப்போகும் ஓட்டைகள் தாளில் தெரிகின்றன.

திருத்துவது பெரியதிலிருந்து சின்னதுக்கு. முதலில் நிகழ்ச்சிகள்: எது வேண்டாம், எது இடம் மாற வேண்டும். அடுத்து காட்சிகள். அடுத்து உரையாடல், கட்டாயம் சத்தமாக வாசித்து. அடுத்து வாக்கியம். ஒற்றுப்பிழை எல்லாவற்றுக்கும் கடைசி. வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுச் சுவரை இடிக்க மாட்டோம், ஆனால் எழுதும்போது எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

வெட்டியதை அழிக்காமல் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள். பெரும்பாலும் திரும்பத் தேவைப்படாது. ஆனால் எங்கேயோ இருக்கிறது என்ற தைரியத்தில் கை கூசாமல் வெட்டும். அச்சக நாவலில் முதல் 34 பக்கம் அப்படித்தான் போனது. இப்போது அது துணியைப் பிழியும் இடத்தில்தான் தொடங்குகிறது.